ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் பத்தின ஆராய்ச்சிச் செய்தியையும் பதறாம படிக்கிறது எப்படி

கர்ப்ப கால ஸ்கேன் பத்தி நெட்ல தேடினீங்கன்னா பெரும்பாலும் ரெண்டு சத்தம் தான் கேக்கும். ஒரு பக்கம் "அடிக்கடி ஸ்கேன் எடுத்தா குழந்தை மூளை பாதிக்கும், ஆராய்ச்சில நிரூபிச்சாச்சு"ன்னு ஒருத்தர் கத்திட்டு இருப்பார், இன்னொரு பக்கம் "99 சதவீதம் துல்லியமான டெஸ்ட்"னு ஒருத்தர் வித்துட்டு இருப்பார். இதுல கொடுமை என்னன்னா ரெண்டு பேரும் காட்டுற ஆராய்ச்சி நிஜமாவே இருக்கும். ஆராய்ச்சில பொய் இல்ல, அதுலேந்து இவங்க எடுக்கிற முடிவு தான் கோணல்.

நான் டாக்டர் கிடையாது, ஆராய்ச்சிக் கட்டுரைகளை உக்காந்து படிக்கிற பழக்கம் உள்ள ஆள், அவ்ளோ தான். அதனால என்ன முடிவு எடுக்கணும்னு இங்க சொல்லப் போறதில்ல, கையில இருக்கிற பேப்பரை எப்படிப் படிக்கணும்னு மட்டும் சொல்றேன். ரத்தப்போக்கு, கடுமையான வயித்துவலி, குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி சந்தேகம், இதுல எது இருந்தாலும் இதைப் படிச்சிட்டு இருக்காதீங்க, உடனே கிளம்பிப் போய் காட்டுங்க.

எந்த ரிப்போர்ட் வந்தாலும் எந்தச் செய்தி வந்தாலும் நான் முதல்ல கேக்குறது ஒரே கேள்வி: எத்தனை பேர்ல எத்தனை பேருக்கு? இது தெரியாம "ஹை ரிஸ்க்", "29 சதவீதம் குறையுது", "99 சதவீதம் கண்டுபிடிக்கும்" எதுவுமே ஒரு அர்த்தமும் தராது.

முதல்ல இது எந்த வகை டெஸ்ட்னு பிரிச்சுக்கங்க

கர்ப்பத்துல பண்ற டெஸ்ட் எல்லாமே ரெண்டு கூடையில ஒண்ணுல விழும். ஒண்ணு ஸ்கிரீனிங், அதாவது எல்லாருக்கும் பண்ணி, யாரை இன்னும் கொஞ்சம் உத்துப் பாக்கணும்னு பிரிச்சு எடுக்கிறது. இன்னொன்னு டயக்னோசிஸ், இருக்கா இல்லையான்னு உறுதியா சொல்றது. 11 வாரத்துலேந்து 13 வாரம் 6 நாள் வரைக்கும் குழந்தையோட பின்கழுத்து நீர் அடுக்கை அளக்குற என்.டி ஸ்கேன், கூடவே எடுக்கிற டபுள் மார்க்கர் ரத்த டெஸ்ட், அம்மா ரத்தத்துலேந்து பாக்குற என்.ஐ.பி.டி, இதெல்லாம் ஸ்கிரீனிங். பனிக்குடத் தண்ணி எடுத்துப் பாக்குற ஆம்னியோ, நஞ்சுக்கொடிலேந்து (பிளசென்டா) துளி திசு எடுத்துப் பாக்குற சி.வி.எஸ் ரெண்டும் தான் குரோமோசோம் விஷயத்துல டயக்னோசிஸ். 18 லேந்து 22 வாரத்துக்குள்ள குழந்தையோட உறுப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்குற அனாமலி ஸ்கேன் நடுவுல நிக்கும், முதுகெலும்பு மூடலைங்கிற மாதிரி விஷயத்துல அதுவே கிட்டத்தட்ட உறுதியா சொல்லிடும், ஆனா டவுன் சிண்ட்ரோம் மாதிரி குரோமோசோம் விஷயத்துல அது வெறும் குறிப்பு தான் தரும், கணிசமான குழந்தைங்களுக்கு ஸ்கேன்ல வெளியில தெரியற மாதிரி எதுவுமே இருக்காது.

இந்தப் பிரிவு புரிஞ்சாலே பாதி பதட்டம் போயிடும். "ஹை ரிஸ்க், 250ல 1"னு ரிப்போர்ட் வந்தா அதை அப்படியே திருப்பிப் படிங்க, இதே ரிப்போர்ட் வாங்கின 250 பேர்ல 249 பேர் குழந்தைக்கு அந்தப் பிரச்சனை இல்ல. அதே சமயம் "லோ ரிஸ்க், 5000ல 1"னு வந்தா பூஜ்யம்னு அர்த்தம் இல்ல, அந்த ஒருத்தரும் எங்கயோ இருக்கார். ஸ்கிரீனிங் ரிப்போர்ட்டை மட்டும் வெச்சு கர்ப்பத்தைப் பத்தி திருப்ப முடியாத முடிவு எடுக்கக் கூடாதுன்னு எல்லா மருத்துவ வழிகாட்டுதலும் சொல்றது இதனால தான்.

என்.ஐ.பி.டி 99 சதவீதம்னா என்ன அர்த்தம், கணக்கு போட்டே பாத்துடலாம்

இந்த டெஸ்ட்டோட ஆரம்பம் 1997, டென்னிஸ் லோங்கிறவரும் அவர் குழுவும் அம்மாவோட ரத்தத்துல குழந்தை சம்பந்தப்பட்ட டி.என்.ஏ மிதக்குதுன்னு காட்டினாங்க, 2011 வாக்குல அது விலைக்குக் கிடைக்கிற டெஸ்ட்டா மாறிடுச்சு. 10 வாரத்துலேந்து பண்ணலாம். டவுன் சிண்ட்ரோம் இருக்கிற குழந்தைங்கள்ல 99 சதவீதத்துக்கு மேல பிடிச்சிடும், இல்லாதவங்களுக்கு தப்பா "இருக்கு"ன்னு சொல்றது ஆயிரத்துல ஒண்ணு அளவு தான். ரொம்ப நல்ல டெஸ்ட், அதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா பாசிட்டிவ்னு வந்த ஒருத்தர் கேக்க வேண்டிய கேள்வி வேற. "எனக்கு பாசிட்டிவ் வந்திருக்கு, நிஜமாவே இருக்கிறதுக்கு எவ்ளோ வாய்ப்பு?" இதுக்கு பதில் 99 இல்ல.

20 வயசு அம்மாங்க ஒரு லட்சம் பேர்னு வெச்சுக்கங்க. அந்த வயசுல பிறக்கிற குழந்தைல டவுன் சிண்ட்ரோம் ஏறத்தாழ 1500ல 1, அப்போ லட்சத்துல சுமார் 67 குழந்தை. டெஸ்ட் அதுல 66ஐப் பிடிச்சிடும். மீதி 99,933 பேர்ல ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு தப்பா பாசிட்டிவ் வந்தா சுமார் 100 பேர். மொத்தம் 166 பாசிட்டிவ், அதுல நிஜம் 66, அதாவது 40 சதவீதம். பாதிக்கும் கீழ! இதே கணக்கை 40 வயசுக்குப் போடுங்க, அங்க ஏறத்தாழ 100ல 1, லட்சத்துக்கு 1000 குழந்தை, 990 பிடிக்கும், தப்பு பாசிட்டிவ் 99, ஆக 1089ல 990 நிஜம், 91 சதவீதம். டெஸ்ட் ஒண்ணு தான், லேப் ஒண்ணு தான், பேப்பர்ல வர்ற வார்த்தையும் ஒண்ணு தான், ஆனா அர்த்தம் ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். அந்தப் பிரச்சனை எவ்ளோ அபூர்வமோ அவ்ளோ தப்பு பாசிட்டிவ் இருக்கும், இதனால தான் ரொம்ப அபூர்வமான சின்ன குரோமோசோம் குறைபாடு எல்லாத்தையும் சேர்த்துப் பாக்குற பெரிய பேக்கேஜ்ல பாசிட்டிவ் வந்தா இன்னும் நிதானமா படிக்கணும்.

லேப் ரிப்போர்ட்ல "பி.பி.வி"ன்னு ஒரு எண் போட்டிருந்தா அது தான் இந்த எண், போடலைன்னா டாக்டர்கிட்ட "என் வயசுக்கு, என் என்.டி அளவுக்கு, பாசிட்டிவ் நிஜமா இருக்க எவ்ளோ வாய்ப்பு"ன்னு நேராவே கேளுங்க.

இன்னொரு விஷயம், அம்மா ரத்தத்துல மிதக்குற அந்த டி.என்.ஏ பெரும்பாலும் நஞ்சுலேந்து வர்றது, குழந்தை உடம்புலேந்து நேரா வர்றதில்ல. சில சமயம் நஞ்சுல மட்டும் குரோமோசோம் வித்தியாசம் இருக்கும், குழந்தை சரியா இருக்கும். தப்பு பாசிட்டிவ்க்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே மாதிரி ரத்தத்துல அந்த டி.என்.ஏ பங்கு 4 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பல லேப் ரிசல்ட்டே தராது, உடல் எடை அதிகமா இருந்தாலும், ரொம்ப சீக்கிரம் ரத்தம் எடுத்தாலும் இப்படி ஆகும். "ரிசல்ட் இல்ல"ங்கிறதை "ரிசல்ட் நார்மல்"னு எடுத்துக்கிட்டு சும்மா இருந்துடாதீங்க, மறுபடி எடுக்கிறதா வேற வழியான்னு கேக்கணும்.

உங்க ரிப்போர்ட்ல எதை எந்த வரிசைல பாக்கணும்

ரிப்போர்ட் கையில வந்ததும் கண்ணு நேரா கடைசி வரிக்குப் போகும், அது இயற்கை, ஆனா நீங்க முதல்ல பாக்க வேண்டியது வாரக்கணக்கு. ஏன்னா மத்த எல்லா எண்ணும் அந்த வாரத்துக்கு இது சரியாங்கிற ஒப்பீடு தான், வாரம் தப்பா இருந்தா கீழ உள்ளது எல்லாமே தப்பாயிடும். முதல் மூணு மாசத்துல குழந்தையோட தலையிலேந்து அடிமுதுகு வரைக்கும் அளக்குற சி.ஆர்.எல் தான் தேதிக்கு மிக நம்பகமானது, 5 லேந்து 7 நாள் முன்ன பின்ன இருக்கும், அவ்ளோ தான். போகப் போக குழந்தைக்கு குழந்தை வளர்த்தி மாறும்கிறதால நடு மாசத்துல பிழை 10 நாளுக்கு மேல ஆயிடும், கடைசி மூணு மாசத்துல மூணு வாரம் கூட தள்ளிக் காட்டும்.

இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 34 வாரத்துல குரோத் ஸ்கேன் எடுத்தா மெஷின் அன்னைக்கு அளந்த அளவை வெச்சு ஒரு புது பிரசவ தேதியை அச்சடிச்சுத் தள்ளும். பழைய ரிப்போர்ட்ல ஒரு தேதி, இதுல ஒரு தேதி, உடனே "ரெண்டு வாரம் தள்ளிப் போச்சாம்"னு வீட்ல பேச்சு. அப்படி இல்ல, முதல் மூணு மாசத்துல நிர்ணயம் பண்ணின தேதி தான் கடைசி வரைக்கும் செல்லும், இப்போ குறைவா காட்டுதுன்னா குழந்தை சின்னதா இருக்கலாம்னு தான் யோசிக்கணுமே தவிர தேதியை நகர்த்தக் கூடாது. தேதியை நகர்த்தினா வளர்ச்சி குறைஞ்ச குழந்தை "நார்மல்" ஆயிடும், அது நிஜமாவே ஆபத்து. ஐ.வி.எஃப் கர்ப்பம்னா கரு வெச்ச தேதியிலேந்து வர்ற கணக்கு தான், அதை எந்த ஸ்கேனும் மாத்தாது.

அடுத்து என்.டி. குழந்தையோட பின்கழுத்துல தோலுக்கு அடியில தெரியற நீர் அடுக்கு அது, 1992ல நிக்கோலைட்ஸ் குழு இது தடிமனா இருந்தா குரோமோசோம் பிரச்சனைக்கு வாய்ப்பு கூடுதுன்னு எழுதினதுக்கு அப்புறம் தான் இது உலகம் பூரா பரவுச்சு. சி.ஆர்.எல் 45 லேந்து 84 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும்போது மட்டும் தான் இந்த அளவுக்கு மதிப்பு. 3.5 மில்லிமீட்டர்ங்கிறது நூத்துல 99 குழந்தை அதுக்குக் கீழ இருக்கிற எல்லை. ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு வித்தியாசத்துக்கு ரிஸ்க் எண் மாறும்கிறதால குழந்தை எப்படிப் படுத்திருந்துச்சு, கழுத்து நிமிர்ந்திருந்ததா, அளந்தவங்க முறைப்படி பயிற்சி எடுத்தவங்களா எல்லாமே முக்கியம். என்.டி, டபுள் மார்க்கர், அம்மா வயசு மூணையும் சேர்த்தா டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்கள்ல 85 லேந்து 90 சதவீதம் பிடிபடும், அதுக்கு விலையா நல்லா இருக்கிற 100 பேர்ல 5 பேருக்கு "ஹை ரிஸ்க்" முத்திரை விழும். உங்களுக்கு "ஹை ரிஸ்க்"னு வந்திருந்தா, அந்த 5 பேர்ல நீங்க ஒருத்தரா இருக்கிறது தான் பெரும்பாலும் நடக்கிறது. ஆனா என்.டி 3.5க்கு மேல போயிருந்தா, என்.ஐ.பி.டி நெகட்டிவ் வந்தாலும் அதோட நிறுத்தாதீங்க. இதயக் குறைபாடு, என்.ஐ.பி.டி பாக்காத மத்த மரபணு விஷயங்கள் எல்லாத்துக்கும் அது ஒரு குறிப்பு, விரிவான ஸ்கேனும் ஆம்னியோ பேச்சும் தேவைப்படும். அதெல்லாம் பாத்தும் சரியா இருந்துட்டா பெரும்பாலான குழந்தைங்க நல்லபடியாவே பிறக்குறாங்க.

டபுள் மார்க்கர்ல வர்ற "எம்.ஓ.எம்" எண்ணைப் பாத்து பயப்படுறவங்க நிறைய. அது வேற ஒண்ணும் இல்ல, அதே வாரத்துல இருக்கிற மத்த அம்மாங்களோட நடு அளவு 1னு வெச்சா உங்களோடது எவ்ளோங்கிறது தான். எடை, புகை, இரட்டைக் குழந்தை, ஐ.வி.எஃப் இதையெல்லாம் லேப் கணக்குல சேர்க்கணும், ஃபார்ம்ல எடையைத் தப்பா எழுதியிருந்தா எண்ணும் தப்பு, அதனால ரிப்போர்ட் மேல் பாகத்துல உங்க விவரம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

அனாமலி ஸ்கேன் ரிப்போர்ட்ல "இதயத்துல வெள்ளைப் புள்ளி", "கோராய்டு பிளெக்சஸ் சிஸ்ட்" (மூளைல சின்ன நீர்க்கட்டி), "சிறுநீரக இடுப்பு லேசா விரிஞ்சிருக்கு" மாதிரி வரிகள் வரும். இதுக்கு சாஃப்ட் மார்க்கர்னு பேர், இதுங்க எதுவும் தன்னளவுல நோய் இல்ல, குரோமோசோம் பிரச்சனை இருக்கிற குழந்தைங்கள்ல கொஞ்சம் அதிகமா காணப்படுது, அவ்ளோ தான். 2013ல பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பாத்த ஒரு பகுப்பாய்வு வந்துச்சு, அதுல தனியா ஒரே ஒரு சாஃப்ட் மார்க்கர் மட்டும் இருந்தா பெரும்பாலானவை ரிஸ்க்கை ரொம்ப லேசாத் தான் மாத்துதுன்னு தெரிஞ்சுது, மூக்கு எலும்பு தெரியாதது, மூளைல நீர் அறை விரிஞ்சிருக்கிறது, பின்கழுத்து மடிப்பு தடிமன், வலது கைக்குப் போற ரத்தக்குழாய் வேற பாதைல போறது, இந்த சிலது தான் கணிசமா ஏத்துது. ஆக உங்க ரிப்போர்ட்ல சாஃப்ட் மார்க்கர் வந்தா கேக்க வேண்டியது, "இது தனியா இருக்கா, வேற ஏதாச்சும் கூட இருக்கா? என் முந்தைய ஸ்கிரீனிங் எண்ணை இது எவ்ளோ மாத்துது?" புள்ளியைப் பாத்து ராத்திரி தூக்கத்தை விடாதீங்க, அந்தப் புள்ளியால இதயம் வேலை செய்யறதுல எந்த மாத்தமும் இல்ல.

நஞ்சு கீழ இருக்குன்னு 20 வாரத்துல வந்தா, பத்துல ஒன்பது பேருக்கு கர்ப்பப்பை பெருசாகப் பெருசாக அது மேல போயிடும், 32 வாரம் வாக்குல மறுபடி பாப்பாங்க.

எடை விஷயம். தலை, வயிறு, தொடை எலும்பு அளவை ஒரு ஃபார்முலால போட்டு எடை சொல்லுது மெஷின், தராசுல வெச்சுப் பாக்கல. பிழை 10 லேந்து 15 சதவீதம் சாதாரணம், அதாவது 3000 கிராம்னு ரிப்போர்ட் சொன்னா நிஜம் 2550 லேந்து 3450 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். "10வது பெர்சன்டைல்"னா பாஸ் மார்க் மாதிரி இல்ல, அதே வாரத்துல இருக்கிற 100 குழந்தைங்களை வரிசையா நிறுத்தினா இது 10வதா நிக்குதுன்னு அர்த்தம், நல்லா இருக்கிற குழந்தைங்கள்லயே பத்துல ஒண்ணு அதுக்குக் கீழ தான் இருக்கும். ஒரே ஸ்கேன்ல எடை சொல்றதை விட ரெண்டு, மூணு வார இடைவெளில எடுத்த ரெண்டு ஸ்கேனை ஒப்பிட்டு, கோடு நேரா போகுதா வளைஞ்சு கீழ இறங்குதான்னு பாக்குறதும், கூடவே தொப்புள்கொடில ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாக்குற டாப்ளர் ஸ்கேன் எப்படி இருக்குங்கிறதும் தான் விஷயம். ஒரு வாரத்துல மறுபடி எடுத்துட்டு "எடையே ஏறல"ன்னு அழறதுல பிரயோஜனம் இல்ல, அளவுப் பிழையே அதை விட பெருசு.

"எல்லாம் நார்மல்"னு வந்தாலும்

பிறக்கிற குழந்தைங்கள்ல 2 லேந்து 3 சதவீதத்துக்கு ஏதாவது ஒரு பெரிய உடற்குறைபாடு இருக்கும், ஸ்கேன் அது எல்லாத்தையும் பிடிக்காது. மண்டை ஓடு உருவாகாதது மாதிரி விஷயம் கிட்டத்தட்ட தப்பவே தப்பாது, ஆனா இதயக் குறைபாடு, ஆயிரம் குழந்தைல 8 பேர் அளவுக்கு இருக்கிறது, நிறைய இடத்துல தவறிப் போகுது. சிலது 20 வாரத்துல ஸ்கேன்ல தெரியவே தெரியாது, குட்டை வளர்த்திக்கான எலும்புப் பிரச்சனையும் குடல் அடைப்பும் 24 வாரத்துக்கு அப்புறம் தான் ஸ்கேன்ல முகம் காட்டும். ஆட்டிசம், அறிவு வளர்ச்சி, காது கேக்குமா, இதெல்லாம் எந்த ஸ்கேனும் சொல்லாது.

யார் பாக்குறாங்கங்கிறதும் பெரிய விஷயம், இதுக்கு ஆதாரம் அமெரிக்காவுல 15,151 பேரை வெச்சு நடந்து 1993ல வந்த ரேடியஸ் ஆராய்ச்சி. ஒரே திட்டம், ஒரே விதிமுறை, ஆனா பெரிய சிறப்பு மையங்கள்ல 24 வாரத்துக்கு முன்னாடி குறைபாடு பிடிபட்டது 35 சதவீதம், மத்த இடங்கள்ல 13. அப்போதைய மெஷின் பழசு, இன்னைக்கு எண்கள் நல்லாவே கூடியிருக்கு, ஆனா மையத்துக்கு மையம் உள்ள இடைவெளி இன்னும் போகல.

ஆராய்ச்சிச் செய்தியைப் படிக்கிறப்போ

மேல சொன்ன ரேடியஸையே எடுத்துக்கங்க. எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்த குழுவுல குழந்தைக்குப் பெரிய பாதிப்பு வந்தது 5.0 சதவீதம், தேவைப்பட்டா மட்டும் எடுத்த குழுவுல 4.9. வித்தியாசமே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி 1990ல வந்த ஹெல்சிங்கி ஆராய்ச்சில, 9,310 பேர்ல, ஸ்கேன் எடுத்த குழுவுல குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 4.6, எடுக்காத குழுவுல 9.0, பாதியா குறைஞ்சிருக்கு. ரெண்டும் ஒழுங்கா நடந்த ஆராய்ச்சி, எதை நம்புறது? உள்ள போய் படிச்சா தான் தெரியும், ஹெல்சிங்கில இறப்பு குறைஞ்சதுக்கு முக்கியக் காரணம் பெரிய குறைபாடு உள்ள கர்ப்பங்கள் முன்னாடியே கண்டுபிடிக்கப்பட்டு கலைக்கப்பட்டது. ரேடியஸ்ல சீக்கிரம் கண்டுபிடிச்சதே குறைவு. ஆக "ஸ்கேன் உயிரைக் காப்பாத்துது"ன்னு ஹெல்சிங்கியைக் காட்டுறவரும் "ஸ்கேன் வேஸ்ட்"னு ரேடியஸைக் காட்டுறவரும் பாதிக் கதை தான் சொல்றாங்க. ஆராய்ச்சி எதை அளந்துச்சு, அது ஏன் மாறுச்சு, இந்த ரெண்டையும் தேடிப் பாருங்க, தலைப்புல அது இருக்காது.

அப்புறம் சதவீதத்தோட விளையாட்டு. ரிஸ்க் அதிகமான கர்ப்பங்கள்ல தொப்புள்கொடி டாப்ளர் பாத்தா குழந்தை இறப்பு 29 சதவீதம் குறையுதுன்னு ஆராய்ச்சித் தொகுப்பு சொல்லுது. கேக்க பிரமாதம். அதே தொகுப்புல எண்ணைப் பாத்தா 1.7 சதவீதம் 1.2 ஆகுது, அதாவது ஏறத்தாழ 200 பேருக்கு பாத்தா ஒரு குழந்தை கூடுதலா பிழைக்குது. இது சின்ன விஷயம்னு நான் சொல்லல, 200ல ஒரு உயிர்ங்கிறது கண்டிப்பா செய்ய வேண்டியது தான். ஆனா ரிஸ்க் இல்லாத சாதாரண கர்ப்பத்துல இதே டாப்ளரை வழக்கமா எல்லாருக்கும் பண்ணினா பலன் இருக்குன்னு காட்டப்படல. யாரை வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்களோ அவங்கள மாதிரி நீங்க இருந்தா தான் அந்த எண் உங்களுக்கு.

மறுபக்கம் பயமுறுத்துற செய்திகள். 2006ல ஒரு எலி ஆராய்ச்சி வந்துச்சு, கர்ப்பமான எலிங்களுக்கு மொத்தம் 30 நிமிஷமோ அதுக்கு மேலயோ அல்ட்ராசவுண்ட் கொடுத்தப்போ குட்டிங்க மூளைல சில நரம்பு செல்கள் போக வேண்டிய இடத்துக்குப் போகல. நல்ல ஆராய்ச்சி தான், ஆனா எலிக்குட்டி மூளை எவ்ளோ சின்னது, முழு மூளையும் முழு நேரமும் அலைக்குள்ளயே இருக்கும், மனுஷக் குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கிறவங்க கை ஓரிடத்துல நிக்காம நகர்ந்துட்டே இருக்கும், ஒரு செல் நகர எடுத்துக்கிற காலமும் வேற. "தேவையில்லாம நேரம் நீட்டாதீங்க"ங்கிறதுக்கு இது ஆதாரம், "ஸ்கேனே எடுக்காதீங்க"ங்கிறதுக்கு இல்ல.

மனுஷங்கள்ல எனக்குப் பிடிச்ச உதாரணம் ஆஸ்திரேலியால பெர்த் நகரத்துல நடந்தது. 2,834 பேர், ஒரு பாதிக்கு 18 வாரத்துல ஒரே ஸ்கேன், இன்னொரு பாதிக்கு 18 லேந்து 38 வாரம் வரைக்கும் அஞ்சு தடவை டாப்ளரோட சேர்த்து. 1993ல ரிசல்ட், நிறைய ஸ்கேன் எடுத்த குழுவுல எடை குறைஞ்ச குழந்தை கொஞ்சம் அதிகம்! அன்னைக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆனா அவங்க அதோட விடல, அதே குழந்தைங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து அளந்துட்டே இருந்தாங்க, 2004ல எட்டு வயசுல பாத்தப்போ வளர்த்தி, பேச்சு, நடத்தை எதுலயும் ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்ல. இன்னைக்கும் முதல் பாகத்தை மட்டும் போட்டு ஃபார்வர்டு பண்றவங்க இருக்காங்க. அதனால எந்தச் செய்திக்கும் "இதுக்கு அப்புறம் என்ன ஆச்சு"ன்னு அதே குழுவோட அடுத்த கட்டுரையைத் தேடுங்க. நார்வேல பண்ண தொடர் ஆராய்ச்சிலயும் படிப்பு, பார்வை, கேக்கும் திறன் எல்லாம் சமமாவே இருந்துச்சு, ஸ்கேன் எடுத்த குழந்தைங்கள்ல இடக்கைப் பழக்கம் மட்டும் லேசா கூடுதல். இருபது விஷயத்தை ஒப்பிட்டா ஒண்ணு தற்செயலாவே வித்தியாசமா வரும்கிறதை மனசுல வெச்சுக்கிட்டுத் தான் இதைப் படிக்கணும்.

இன்னொரு பொறி இருக்கு. ஆஸ்பத்திரி பழைய ஃபைல்களை எடுத்து "நிறைய ஸ்கேன் எடுத்தவங்க குழந்தைக்குப் பிரச்சனை அதிகம்"னு ஒரு ஆராய்ச்சி சொன்னா சிரிச்சிட்டு அடுத்த பக்கம் போங்க, பிரச்சனை இருந்ததால தானே அவங்களுக்கு நிறைய ஸ்கேன் எடுத்தாங்க! குலுக்கல் முறைல ரெண்டு குழுவா பிரிச்சாங்களாங்கிறதை முதல் பத்திலயே பாத்துடலாம்.

பாதுகாப்பு: ஸ்கிரீன் ஓரத்துல இருக்கிற ரெண்டு எண்

1958ல கிளாஸ்கோல இயன் டொனால்டும் ஜான் மேக்விகாரும் இன்ஜினியர் டாம் பிரவுனும் கர்ப்ப அல்ட்ராசவுண்டோட முதல் படங்களை வெளியிட்டாங்க, அதே காலத்துல ஆக்ஸ்ஃபோர்டுல ஆலிஸ் ஸ்டீவர்ட் கர்ப்பிணிக்கு எடுக்கிற எக்ஸ்ரேவுக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டியிருந்தார். அந்தப் பயம் தான் ஸ்கேன் மேலயும் ஒட்டிக்கிச்சு, ஆனா ஸ்கேன்ல கதிர்வீச்சு கிடையாது, அது ஒலி, காது கேக்காத அளவுக்கு உயர்ந்த அதிர்வெண், சில மெகாஹெர்ட்ஸ். ஒலிக்கும் சக்தி உண்டு, திசு சூடாகலாம், அதைத் தான் டி.ஐங்கிற எண் காட்டும், 1னா மோசமான சூழ்நிலைல அதிகபட்சம் 1 டிகிரி ஏறலாம்னு அர்த்தம். எம்.ஐங்கிறது ஒலி அழுத்தத்தால வர்ற அதிர்வு பாதிப்புக்கு. மெஷின் ஸ்கிரீன் ஓரத்துல ரெண்டும் ஓடிட்டே இருக்கும், நீங்களே பாக்கலாம். டாப்ளர் ஒரே இடத்துல சக்தியைக் குவிக்கும்கிறதால முதல் மூணு மாசத்துல அதை வழக்கமா பண்ணக் கூடாது, 11 லேந்து 14 வாரத்துக்குள்ள காரணத்தோட பண்ணினாலும் டி.ஐ 1க்குள்ள, 5 லேந்து 10 நிமிஷத்துக்குள்ளன்னு சர்வதேச வழிகாட்டுதல் இருக்கு. ஆரம்ப வாரத்துல இதயத் துடிப்பை, டாப்ளர் இல்லாம அசைவைக் கோடா காட்டுற எம் மோடுல அளக்கலாம், சத்தமா கேட்டுத் தான் ஆகணும்னு இல்ல. மருத்துவக் காரணமே இல்லாம ஞாபகத்துக்கு முகம் பாக்குற நீண்ட 3டி ஸ்கேனை நானா இருந்தா தவிர்ப்பேன், தேவையான ஸ்கேன் கூடவே ரெண்டு நிமிஷம் முகம் காட்டினா அதுல தப்பில்ல.

ஆம்னியோ பண்ணச் சொன்னா

இங்க தான் "எத்தனை பேர்ல எத்தனை" ரொம்ப முக்கியம். ஊசி போட்டா 100ல 1 கர்ப்பம் கலையும்னு இன்னமும் பல இடத்துல சொல்றாங்க, அது 1986ல டென்மார்க்ல 4,606 பேரை வெச்சு நடந்த ஆராய்ச்சியோட எண். 2015லயும் 2019லயும் பல ஆராய்ச்சியைச் சேர்த்துப் பாத்தப்போ ஊசியால மட்டும் கூடுற ரிஸ்க் முறையே 0.11 சதவீதம், 0.30 சதவீதம்னு வந்துச்சு, அதாவது ஆயிரத்துல 1 லேந்து 3. ஊசி போடாமலேயே கலையுற கர்ப்பங்கள் உண்டு, குரோமோசோம் சந்தேகம் உள்ளவங்களுக்கு அது இன்னும் அதிகம், அதைக் கழிச்சாத் தான் ஊசியோட பங்கு தெரியும். கழிக்காம மொத்தத்தையும் ஊசி தலைல போட்டா எண் பெருசாத் தெரியும். சி.வி.எஸ் 10 இல்ல 11 வாரத்துலேந்து, ஆம்னியோ 15 வாரத்துக்கு அப்புறம். ஊசி போடப் போறவங்ககிட்ட அவங்க மையத்தோட எண்ணையே கேக்கலாம், கேக்குறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல.

எடுத்த சாம்பிள்ல என்ன டெஸ்ட் பண்றாங்கன்னும் முன்னாடியே தெரிஞ்சுக்கங்க. முக்கியமான சில குரோமோசோமை மட்டும் பாக்குற வேகமான டெஸ்ட் சில நாள்ல வந்துடும், எல்லா குரோமோசோமையும் மைக்ராஸ்கோப்ல பாக்குற முழு கேரியோடைப் ரெண்டு வாரம் வாக்குல ஆகும், மைக்ரோஅரே இன்னும் நுணுக்கமா பாக்கும். 2012ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில, ஸ்கேன்ல குறைபாடு தெரிஞ்சு கேரியோடைப் நார்மலா வந்தவங்கள்ல 6 சதவீதத்துக்கு மைக்ரோஅரே கூடுதலா முக்கியமான ஒண்ணைக் கண்டுபிடிச்சுது, வயசோ ஸ்கிரீனிங் எண்ணோ மட்டும் காரணமா வந்தவங்கள்ல 1.7 சதவீதம். ஆனா நுணுக்கமா பாக்கப் பாக்க "இதோட அர்த்தம் இப்போதைக்குத் தெரியல"ங்கிற மாதிரியான ரிசல்ட்டும் வரும், அப்படி வந்தா சொல்லணுமா வேண்டாமான்னு சாம்பிள் கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஜெனடிக் கவுன்சிலரோட பேசி முடிவு பண்ணிக்கங்க, வந்த அப்புறம் பேசினா தலை சுத்தும். டெஸ்ட்டே வேண்டாம், எதுவா இருந்தாலும் பெத்துப்போம்னு இருக்கிறதும் முறையான முடிவு தான், யாரும் அதுக்கு விளக்கம் கேக்க முடியாது.

ரெண்டாவது டாக்டர்கிட்ட கருத்து கேக்கப் போறப்போ கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதீங்க. முதல் மூணு மாச ஸ்கேன்லேந்து எல்லா ரிப்போர்ட்டும், அச்சடிச்ச படங்களும், டபுள் மார்க்கர்ல எம்.ஓ.எம் எண் போட்ட பக்கமும் தேதி வரிசைல வேணும், மெஷின்லேந்து படங்களை சி.டிலயோ பென்டிரைவ்லயோ தரச் சொல்லிக் கேளுங்க, போறப்போ கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் அவங்க சொல்றதை எழுதிக்கச் சொல்லுங்க.